பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச்: எங்கள் சொந்தபந்தத்தில் பார்த்தது

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் வீடு வந்து சேர இரவு பத்து தாண்டிவிடும். அதற்குமேல் விளையாடக் கிடைப்பது அரை மணி நேரம்தான். டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் எனக்குப் பொருந்தியது அதனால்தான். குவிக் ரெஸ்யூம் என்ற வசதி, ஆட்டத்தை நிறுத்திய இடத்தை அப்படியே கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சேமித்துக்கொள்கிறது. கன்சோலை அணைத்து பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். இடம்தான் பற்றாது. 512 ஜிபி மாடலில் கேம்களுக்கு மிஞ்சுவது 364 ஜிபி. பெரிய கேம்களாக ஏற்றினால் சீக்கிரமே ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் போட வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சி மச்சானுக்கு இது ஒத்துவராது. அவருக்குக் கதை வேண்டும். காட் ஆஃப் வார், கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்று பிஎஸ் 5-இல் நிதானமாக ஆடி முடிப்பார். அப்புறம் அந்த டிஸ்க்கைக் கோயமுத்தூரில் விற்றுவிட்டு அடுத்ததை வாங்கி வருவார். சந்தா கட்டினால் நிறைய கேம்களை ஆட விடும் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் பற்றிச் சொன்னேன். "அத்தன கேம் இருந்து என்னங்க மாப்ள பண்றது, ஒரு நேரத்துல ஒண்ணுதான ஆடுவேன்" என்றார். நியாயம்தான். சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போடவே வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை விற்கவும் முடியாது.

ஆனால் நான் அசந்துபோனது, சொந்தத் திரையும் பேட்டரியும் உள்ள நிண்டெண்டோ ஸ்விட்சைப் பார்த்துத்தான். மாரியம்மன் நோம்பிக்கு தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது கரண்ட் இல்லை. தங்கச்சி பையன் திண்ணையில் ஸ்விட்சை நிறுத்தி, இரண்டு பக்கமும் இருந்த ஜாய்கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றி, ஒன்றை என்னிடமும் இன்னொன்றை எங்கள் அப்பாவிடமும் கொடுத்தான். ஆடியது மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற ரேஸ் கேம். "அப்பிச்சி, நீங்க சும்மா சாய்ச்சுப் புடிச்சாப் போதுமுங்க!" அந்த கேமில் வண்டி தானாகவே வேகமெடுக்கும்படியும், பாதையை விட்டு விலகாதபடியும் வைத்துக்கொள்ளலாம். பட்டன் எதுவும் தெரியாத அப்பா ஒரு பந்தயத்தில் என்னை முந்தியே விட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நின்றார்கள். வேறு எந்த கன்சோலிலும் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவனுடைய ஸ்விட்ச் 2019-இல் வந்த திருத்திய மாடல் என்பதால், கேமைப் பொறுத்து நாலரை மணி முதல் ஒன்பது மணி நேரம் வரை சார்ஜ் நிற்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நம் கடைகளில் கிடைக்கும் ஸ்விட்ச் இறக்குமதிச் சரக்கு, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பிள்ளைகளும் விருந்தாளிகளும் உண்டென்றால் நான் ஸ்விட்சைத்தான் சொல்வேன். மச்சான் மாதிரி டிஸ்க் மாற்றி ஆடுபவர் பிஎஸ் 5 எடுக்கலாம். விலை குறைவு என்று டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் பக்கம் போனால், 2023-இல் வந்த ஸ்லிம்மா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் டிஸ்க் டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டலாம், பழைய டிஜிட்டலில் முடியாது.