மெரூனும் மரோனும் ஒரே சொல்லா?

கேள்வி:
புடவைக் கடையில் மெரூன் என்று கேட்டால் கருஞ்சிவப்புப் புடவையைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். பிரெஞ்சு வகுப்பிலோ 'மரோன்' என்றால் பழுப்பு நிறம் என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? 'மரோன் நிறக் கண்கள்' என்று எழுதும்போது நிறச்சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்க்கக் கூடாது என்கிறார்களே, அது ஏன்?

மறுமொழி 1:
ஒரே சொல்தான். செஸ்ட்நட் எனப்படும் கஷ்கொட்டையில் பெரிய வகைக்கு இத்தாலியர் 'மர்ரோனே' என்று பெயரிட்டிருந்தார்கள். அதுவே பிரெஞ்சில் 'மரோன்' ஆயிற்று. முள்ளுறையைப் பிளந்து அந்தக் கொட்டையை எடுத்துப் பார்த்தால், அடியில் வெளிறிய வட்டமும், மேலே செம்மை ஓடிய பளபளப்பான பழுப்புத் தோலும் தெரியும். பிரெஞ்சில் பழுப்புக்கு 'ப்ரன்' என்ற ஜெர்மானிய வழிச் சொல் முன்பே இருந்தது. நிறப்பெயராக மாறிய மரோன், நாளடைவில் காலணி, கண் போன்ற அன்றாடப் பேச்சையெல்லாம் பிடித்துக்கொள்ள, தலைமுடி, கரடி, பீர் போன்றவற்றோடு ப்ரன் ஒதுங்கியது. ஆங்கிலத்திலோ 'பிரவுன்' அசையாமல் நின்றுவிட்டதால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறப்பெயராக வந்து சேர்ந்த 'மெரூன்' கொட்டைத் தோலின் செம்மையை மட்டும் பற்றிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். நம் புடவைக் கடைக்கு வந்தது அந்த ஆங்கிலப் பொருள்தான்.

பன்மை பற்றி: பிரெஞ்சில் நிறச்சொற்கள் பொதுவாகப் பன்மைப் பெயரோடு சேரும்போது தாமும் பன்மை விகுதி ஏற்கும். ஆனால் ஒரு பொருளின் பெயரே நிறத்தைக் குறிக்கும்போது, அது பெயர்ச்சொல்லாகவே கருதப்பட்டு மாறாமல் நிற்கும். ஆரஞ்சும் அப்படியே. ரோஜாவிலிருந்து வந்த 'ரோஸ்' முழு உரிச்சொல்லாகிவிட்டதால் பன்மை ஏற்கும்.

மறுமொழி 2:
அதே ஒலியுள்ள இன்னொரு மரோனை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டைவிட்டு ஓடிக் காட்டில் திரிந்த கால்நடையைக் கரீபியத் தீவுகளில் ஸ்பானியர் 'சிமரோன்' என்றனர். பின்னர் தப்பியோடிய அடிமைகளையும் அப்படியே அழைத்தார்கள். தப்பியோடிய அடிமையைக் குறிக்கும் பிரெஞ்சு மரோன் அதிலிருந்து வந்தது. மொரீசியசில் அம்மக்கள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. தகுதியின்றித் தொழில் செய்யும் வழக்கறிஞரைப் பிரெஞ்சில் 'மரோன் வழக்கறிஞர்' என்பதும் இந்த வழியில் வந்ததே. விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயர் இப்படி ஓர் இழிசொல்லாக நிலைத்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி 3:
பிரெஞ்சுக் கதைகளை மொழிபெயர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள்: மரோன் நிறக் கண்களை 'மெரூன் நிறக் கண்கள்' என்று எழுதிவிடாதீர்கள், படிப்பவர் சிவந்த கண்ணாக எண்ணிக்கொள்வார். 'பழுப்புக் கண்கள்' என்பதே சரி.