மறு: 'டார்கெட்' – இலக்கம், குறித்த, குறிவைத்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

திருகோணமலை உப்புவெளிப் பிள்ளைகளுக்கு 'மேஜிக்: த கேதரிங்' பழக்குகிறோம்; மந்திரங்களையும் உயிரிகளையும் அட்டைகளாகப் போட்டு ஆடும் விளையாட்டு அது. தமிழ் விதித்தாள் சனிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். 'டார்கெட்' (target) என்பதற்கு 'இலக்கு', 'இலக்கம்', 'குறித்த' என்று குழுமத்தில் வந்த சொற்களில் எதைப் போடுவது என்பது மட்டும் இழுபடுகிறது.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993இல் தந்த இந்த விளையாட்டில் அது சாதாரணச் சொல் அல்ல. அட்டையிலோ அதற்குரிய விதியிலோ அந்தச் சொல் இருந்தால்தான் மந்திரம் ஒன்றைக் குறிவைக்கிறது. "எல்லா உயிரிகளையும் அழி" என்பது எதையும் குறிவைப்பதில்லை. ஆகவே எதிராளி குறிவைக்க முடியாத உயிரியும் அதில் சாகும். பிள்ளைகள் சண்டை பிடிப்பது இங்கேதான். நாம் தேரும் சொல் வேறெந்த வேலைக்கும் அட்டையில் வரக்கூடாது.

'இலக்கம்' குறளில் (627) இதே பொருளில் நிற்கிறது என்று நம் குழுமத்து ஐயா காட்டியது அருமை. ஆனால் திருமலையில் இலக்கம் என்றால் வீட்டு இலக்கம், பஸ் இலக்கம். அட்டையின் அடியிலும் ஓர் இலக்கம் அச்சாகியிருக்கிறது! 'குறித்த உயிரியை அழி' அதைவிட ஆபத்து. நம் பத்திரிகைகளில் 'குறித்த நபர்' என்றால் முன்பே சொல்லப்பட்டவர். எந்த உயிரி என்று பிள்ளை முந்தைய வரியில் தேடும்.

நான் கேட்பது வினையெச்சம்: 'ஓர் உயிரியைக் குறிவைத்து அழி.' விதியும் அப்படித்தான் நடக்கிறது. மந்திரத்தைப் போடும்போதே குறிவைக்க வேண்டும், அழிப்பது பிறகு. இடையில் எதிராளி பதில் மந்திரம் போடலாம். பலிக்கும் நேரத்தில் குறிவைத்த ஒரே உயிரி களத்தில் இல்லையென்றால் மந்திரம் வீண். இந்த முன்பின் ஒழுங்கை 'இலக்கு' என்ற பெயர்ச்சொல் காட்டாது.

'ஏ' என்றால் அம்பு, அதிலிருந்து ஏவு, ஆகவே மந்திரத்தை 'ஏவுக' என்ற மூன்று மடலையும் விரும்பிப் படித்தேன். 'அழி' என்பதே ஏவல் வினை என்ற குறிப்பும் நன்று. ஆனால் ஏவல், சூனியம் என்று கேட்டே வளர்ந்த தாய்மார் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். 'போடு' போதும்.

பெரும்பான்மை 'இலக்கு' பக்கம் சாய்ந்துவிட்டது, தெரியும். தாளில் 'இலக்கு' என்றே போடுகிறேன். ஆனால் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். 'இலக்காகக் கொண்டு அழி' என்று யாராவது நீட்டி எழுதினால், 'குறிவைத்து' என்ன பாவம் செய்தது என்று மறுபடியும் கேட்பேன்.