புதுப்பிப்பு: செங்குவா முத்திரை போட்ட பச்சை எனாமல் தட்டு

என்னிடம் உள்ள சீனப் பீங்கான் தட்டின் அடியில் மிங் வம்சப் பேரரசர் செங்குவாவின் (1465–87) முத்திரை இருப்பதால் தட்டு அந்தக் காலத்ததா என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை, பிந்தைய சிங் வம்சப் பேரரசர் கங்ஷியின் காலம் (1662–1722) என்பதே பொருந்துகிறது.

முடிவைச் சொன்னது நீல நிறம். மிங் காலத்துப் பல வண்ணப் பீங்கான்களில் (ஐவண்ணப் பாண்டங்கள்) நீலம் கண்ணாடி போன்ற மேல் மெருகுக்குக் கீழே இருக்கும். இதில் மேலே இருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்தால் நீலத்தைச் சுற்றி வானவில் படலம் தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகளிலும் அது வரும், அதை மட்டும் நம்பக் கூடாது.

முத்திரை மோசடியும் அல்ல. 1677இல் சீனப் பீங்கான் நகரமான ஜிங்டெஜனின் அதிகாரி நடப்புப் பேரரசர் பெயரைப் பாண்டத்தில் எழுதத் தடை விதித்தார். குயவர்கள் பழைய பெயர்களை எழுதினார்கள்.

தட்டு தரையில் நிற்கும் அடி வளையத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உண்மையான தேய்மானக் கீறல்கள் கண்டபடி ஓடும். உப்புத்தாள் போட்டதென்றால் பெரும்பாலும் ஒரே திசையில். அங்குள்ள பழுப்புக் கறை அசிட்டோன் தோய்த்த பஞ்சில் ஒட்டி வந்தால் பூசியது. தங்கப் பூச்சின் மேல் மட்டும் அசிட்டோன் படவே கூடாது.

ஒரு குறை: புற ஊதா விளக்கில் விளிம்பில் ஓரிடம் பால் போல ஒளிர்கிறது. அது பிசின் ஒட்டு. விலை பேசும்போது அதைக் கழித்தே ஆக வேண்டும்.