மறுமொழி: ‘முதிர்ச்சி எதிர்ப்பு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை மிளகாய்க் கையேடு அச்சுக்குப் போகிறது, நாம் இன்னும் ஒரு சொல்லிலேயே நிற்கிறோம். நாற்றாக இருக்கையில் பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோய்க்கிருமி தாக்கினால் மளமளவென்று சாய்கிற அதே ரகம், பூக்கும் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் தாங்கி நிற்கிறதே, அதற்குத்தான் பெயர் வேண்டும். இதுவரை மடல்களில் வந்தவை ‘முதிர்ச்சி எதிர்ப்பு’, ‘பருவ எதிர்ப்பு’, அண்ணாச்சியின் ‘காழ்ப்பு’.

நோயெதிர்ப்பு என்றால் நோயை எதிர்ப்பது, இரண்டாம் வேற்றுமைத்தொகை. அதே கணக்கில் ‘முதிர்ச்சி எதிர்ப்பு’ என்பதைப் படிப்பவர் செடி மூப்படையாமல் தடுப்பது என்றுதான் கொள்வார். ‘பருவ எதிர்ப்பு’ இன்னும் மோசம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில் பருவம் என்றால் மழைதான் முதலில் நினைவுக்கு வரும். இந்த நோய் பரவுவதே மழை ஈரத்தில்தான்.

அண்ணாச்சி, ‘காழ்ப்பு’ பற்றிய உங்கள் மூன்று மடல்களையும் ஆசையாகப் படித்தேன். ‘களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ (குறள் 879) என்பதில் முள்மரம் முற்றி வைரம் பாய்வது அப்படியே இருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் அகக்காழ் (உள்வைரம்) மரம், புறக்காழ் (வெளிவைரம்) புல் என்று காழை வைத்தே பிரிக்கிறது. சரி, ஆனால் இன்றைக்குக் காழ்ப்பு என்றால் வெறுப்பு. குலசேகரத்தில் நாற்று விற்கும் அக்காவுக்குச் ‘செடியின் காழ்ப்பு’ என்று எழுதிக் கொடுக்க முடியுமா? அதோடு, தண்டு கெட்டிப்படுவது மட்டுமே காரணம் என்று அந்தச் சொல் முடிவு கட்டிவிடுகிறது.

போன ஐப்பசியில் எங்கள் கொல்லையில் குழித்தட்டில் நாலிலை நாற்றுகள் அடித்தண்டு நீர் கோத்தது போலக் கருத்து மடங்கிக் கிடந்தன. இரண்டடி தள்ளிப் பூத்து நின்ற செடியில் நகமளவு கருப்பு, அதோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, “மூத்த செடில்லா, தாங்கிக்கிடும்” என்றார். அப்புறம் நாம் வேறு சொல் ஏன் தேட வேண்டும்? ‘மூத்தசெடித் தாங்குதிறன்’ என்றே வைக்கலாம்தான், ஆனால் தாங்குதிறன் ஏற்கெனவே வேறொரு கருத்துக்குப் புழங்குகிறது, நோய் வந்தபின்னும் விளைச்சல் குறையாதிருப்பதற்கு. அதனால் ‘மூத்தசெடி எதிர்ப்புத்திறன்’. ஆறாம் வேற்றுமை, குழப்பமில்லை. நால்வர் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அண்ணாச்சி மட்டும் இல்லை. அவர் மறுப்பை அடுத்த பதிப்பில் பேசுவோம்.

இன்னொன்று. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ‘மிளகுச் செடி’ என்று தங்கிவிட்டது. நல்லமிளகுக்கு வரும் வாடல் காய்க்கிற கொடியையே சாய்க்கும். மூத்த கொடிதானே, தாங்கும் என்று யாராவது சும்மா இருந்துவிட்டால் கொடி போயிற்று. மிளகாய் என்று இன்றே திருத்திவிடுங்கள்.