மேலூர் வீட்டுச் சொந்தங்கள்: பூம்பாறை மொட்டை

வெள்ளிக்கிழமை, மாலை

[5:12] மருது: வேன் விடியற்காலை 4 மணிக்கு மாட்டுத்தாவணி. 14 சீட்தான். பையை மடியில் வைத்துக்கொள்பவர்கள் மட்டும் வரவும்.

[5:14] வள்ளி அத்தை: கார்த்தி பஸ் ஏறிவிட்டானா

[5:20] கார்த்தி: இன்னும் பாண்டிச்சேரிதான் அத்தை. 8 மணி பஸ். ஒரு சிக்கல். நாளைக் காலை மலை ஏறக்கூடாது என்கிறார் ஸ்கூபா மாஸ்டர்.

[5:20] மீனா: என்ன?

[5:21] மீனா: தாய்மாமன் இல்லாமல் யார் மடியில் வைத்து மொட்டை போடுவது

[5:22] கார்த்தி: நேற்று இரண்டு டைவ், இன்று இரண்டு. கடைசியாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்தது 3 மணி. அதிலிருந்து 18 மணி நேரம் விமானமும் கூடாது, உயரமான இடமும் கூடாதாம். 9 மணிக்குப் பிறகு ஏறலாம்.

[5:23] வள்ளி அத்தை: சனிக்கிழமை 9 டு 10.30 ராகு காலம்

[5:23] முத்து சித்தப்பா: முகூர்த்தம் 7.30. கோயிலில் சொல்லியாகிவிட்டது.

[5:24] மீனா: பெயர் வைத்தபோதும் லேட். என் மாமியார் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

[5:25] மருது: கடலுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

[5:33] சுந்தரம் பெரியப்பா: மருது, நீ பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இதைக் கேட்டிருக்கக்கூடாது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இவன் 18 மீட்டர் போயிருந்தால் மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு. மூச்சில் போகும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை உடம்பு செலவழிப்பதில்லை. அழுத்தம் கூடக் கூட இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கும். மெல்ல மேலே வந்தால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் கோலி சோடாதான். கோலியைத் தட்டும் வரை உள்ளே குமிழி தெரிகிறதா? தட்டியதும் பொங்குகிறதல்லவா? அந்தப் பொங்கல் மூட்டிலும் தண்டுவடத்திலும் நடந்தால் என்ன ஆகும். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு அதுவே போதும். (தொடரும்)

[5:34] மருது: தொடருமா

[5:36] முத்து சித்தப்பா: குழந்தைக்கு ஸ்வெட்டர். பூம்பாறையில் குளிர்.

[5:37] வள்ளி அத்தை: பித்தளைத் தாம்பாளம் யாரிடம்? பெயர் வைத்தபோது கொடுத்தது திரும்பி வரவில்லை.

[5:38] மீனா: அத்தை, அது உங்கள் வீட்டுப் பரணில்

[5:41] சுந்தரம் பெரியப்பா: ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை இரும்பு அறையில் அடைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டே நிற்குமாம். 1908இல் வந்த அவருடைய அட்டவணையை வைத்துத்தான் டைவர்கள் படிப்படியாக மேலே வரக் கற்றார்கள்.

[5:42] மருது: கிடாய் உண்டா?

[5:42] முத்து சித்தப்பா: முருகன் கோயிலில் கிடாயா. வாயைக் கழுவு.

[5:44] கார்த்தி: பயப்படாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுதான் வந்தேன். கையில் கட்டிய கம்ப்யூட்டரும் ஒன்றும் சொல்லவில்லை. தோள் மட்டும் வலிக்கிறது, சிலிண்டர் தூக்கியது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

[5:45] வள்ளி அத்தை: தைலம் தேய்த்து ஒரு வலி மாத்திரை போடு

[5:46] தேவி: எந்தத் தோள்

[5:46] கார்த்தி: இடது

[5:46] தேவி: அமுக்கினால் கூடுகிறதா? அசைத்தால்?

[5:47] கார்த்தி: இரண்டும் இல்லை. உள்ளே, ஆழத்தில். ஒரே மாதிரி

[5:47] தேவி: எப்போதிலிருந்து

[5:48] கார்த்தி: போட்டில் வரும்போதே. 4 மணி இருக்கும்

[5:48] தேவி: விரல் மரத்துப்போகிறதா? நடக்கும்போது தள்ளாட்டம்? சிறுநீர் போனதா?

[5:50] கார்த்தி: சுண்டுவிரல் கொஞ்சம் மதமதவென்று. மற்றது ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் பை மாட்டியிருந்தேன்

[5:50] தேவி: முதலில் சிலிண்டர், இப்போது பையா மச்சான்

[5:51] தேவி: பஸ் வேண்டாம். மாஸ்டரிடம் இப்போதே சொல்லுங்க. ஆக்ஸிஜன் வைத்திருப்பார்கள். மாஸ்க் போட்டு மல்லாந்து படுங்க. தண்ணீர் குடிங்க. வலி மாத்திரை வேண்டாம், வலியை மறைத்துவிடும். சரக்கும் வேண்டாம்.

[5:52] மீனா: தேவி, பயமுறுத்தாதே

[5:52] வள்ளி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[5:53] மருது: நான் படித்துவிட்டேன் அத்தை

[5:53] முத்து சித்தப்பா: அந்தக் கல்யாணப் பேச்சு முடிந்து நாலு வருஷம் ஆகிறது வள்ளி

[5:53] தேவி: அம்மா, சும்மா இரு

[6:19] கார்த்தி: அரை மணியாக மாஸ்க்கில். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மாஸ்டர் சத்தம். வலி பாதி குறைந்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கலாம்போல

[6:20] தேவி: கூடாது. ஆக்ஸிஜனில் குறைகிறதென்றால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. நிறுத்தினால் திரும்பி வரலாம். சேம்பருக்குத்தான் போக வேண்டும்.

[6:22] மருது: திரும்பக் கடலில் இறக்கினால் அழுத்தம் கிடைக்காதா

[6:22] தேவி: உள்ளே மயக்கம் வந்தால்? அதைச் செய்யவே கூடாது

[6:26] சுந்தரம் பெரியப்பா: முத்து கால் புண்ணுக்குக் கண்ணாடிக் குழாயில் படுத்தானே, அதே வகைதான். அழுத்தம் ஏற்றிய அறையில் சுத்த ஆக்ஸிஜன். இவனுக்கு 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக ஏற்றிக் குமிழியைச் சுருக்கி, மெல்ல இறக்குவார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி 4 மணி 45 நிமிடம்.

[6:27] முத்து சித்தப்பா: காது அடைக்கும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு. உள்ளே போன் விடமாட்டார்கள்.

[6:38] கார்த்தி: சேம்பர் சென்னையில் கிடைத்துவிட்டது, பேசிவிட்டார்கள். கார் கிளம்புகிறது. மாஸ்டரும் ஆக்ஸிஜனோடு கூட வருகிறார். அக்கா, ஸாரி

[6:39] மீனா: நீ முதலில் நல்லபடியாகப் போய்ச் சேர்

[6:43] மீனா: மொட்டையைத் தள்ளிவைக்கலாமா சித்தப்பா

[6:44] முத்து சித்தப்பா: மருதுவும் மாமன் முறைதானே

[6:45] வள்ளி அத்தை: கூடப் பிறந்தவன் இருக்கும்போதா

[6:46] முத்து சித்தப்பா: அப்போ என் பிள்ளை வேன் பேச மட்டும்தானா

[6:46] மருது: அப்பா

[6:48] சுந்தரம் பெரியப்பா: கார்த்தியை வீடியோ காலில் காட்டிவிட்டு மருது மடியில் வைக்கலாம்

[6:49] தேவி: சேம்பருக்குள் போன் கிடையாது மாமா. இப்போதுதானே சொன்னார்.

[7:05] மருது: வேன்காரர் கேட்கிறார். 4 மணியா, இல்லையா

[7:09] மீனா: மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்

[7:26] கார்த்தி: மரக்காணம் தாண்டிவிட்டோம். விரல் தேவலை

[7:26] தேவி: போனை வைத்துவிட்டுப் படுங்க

[7:31] வள்ளி அத்தை: தாம்பாளம் பரணில்தான் இருந்தது