பள்ளியை எதை வைத்து எடை போடுவது? பெற்றோர் சொல்வதையும் சேர்க்கலாமா?

வைகைக்கரை:
மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அரசுப் பள்ளி என்றால் இன்னும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம்தான் பேச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது அவர்கள் வேலை. அந்தப் பெற்றோர் சொல்வதை எழுதி வாங்கி மதிப்பீட்டில் ஏன் சேர்க்கக்கூடாது?

இடைநிலை ஆசிரியர்:
சேர்க்கக்கூடாது. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு ஏற்றவே பாதி நேரம் போகிறது, அதில் இன்னொரு படிவமா? கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று ஒரு அம்மா எழுதுவார். மோட்டார் ஊராட்சி கையில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது தலைமையாசிரியர். இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் "சரியாகச் சொல்லித் தரவில்லை" என்று வந்தால் அது யார் குற்றம்? எங்கள் கையில் இல்லாததற்கு எங்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

நெல்வயல்:
சார், நான் குழு உறுப்பினர். கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. நூறு நாள் வேலையை விட்டு ஓடினால் தீர்மான நோட்டில் எல்லாம் எழுதி முடித்திருக்கும், கீழே பேருக்கு நேராகக் கையெழுத்து மட்டும் போட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் "வழக்கமானதுதாம்மா" என்கிறார்கள். ஏழாவது படிக்கிற என் பெண் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க மாட்டாள். அதை அவள் வகுப்பு டீச்சர் எதிரிலேயே எப்படிச் சொல்வது? நாளைக்கு அவளைத்தானே முறைப்பார்கள்? பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும்.

இடைநிலை ஆசிரியர்:
பெயர் இல்லாமல் என்றால் ஊர்ப்பகை, சாதிப்பகை, தேர்தல் பகை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழும். உங்கள் பெண் வாசிக்கவில்லை என்பது நியாயமான கேள்வி அக்கா, அதை நேரில் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. மொட்டைக் கடுதாசிக்கு யார் பதில் சொல்வது?

வைகைக்கரை:
பெட்டியில் வருவதைக் குழுவே பிரிக்கட்டும்: பள்ளி செய்ய வேண்டியது, ஊராட்சி செய்ய வேண்டியது, துறை செய்ய வேண்டியது. தனி ஆளைத் திட்டி வந்ததை ஒதுக்கிவிடலாம். மீதிக்கு அடுத்த கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும், முடியாது என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடச் சொல்லி 22-ஆம் பிரிவே இருக்கிறது, அதை இதிலிருந்து எழுதினால் என்ன? மோட்டாருக்கும் காலிப் பணியிடத்துக்கும் பள்ளியின் கணக்கில் குறை வைக்கவே கூடாது, அதில் சார் சொல்வது முழுக்க நியாயம்.

இடைநிலை ஆசிரியர்:
வாசித்துப் பதில் சொல்லலாம், அதுவரைக்கும் சம்மதம். மதிப்பெண்ணாக மாற்றுவதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நெல்வயல்:
மதிப்பெண் எனக்கு வேண்டாம் சார். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், கையெழுத்துக்கு முன்னால் நோட்டைச் சத்தமாக வாசியுங்கள்.