கோடைக் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களைக் கொண்டு ஃபார்ம்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா?

நெல்லைமகள்:
அனைவருக்கும் வணக்கம். நான் 2012-இல் தமிழ்நாட்டில் நான்காண்டு பி.ஃபார்ம் முடித்தேன். திருமணத்துக்குப் பின் கலிஃபோர்னியா வந்து, இப்போது கிரீன் கார்டும் கிடைத்திருக்கிறது. 2003-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களிடம் ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்பதால், வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வழி எனக்கு அடைபட்டுவிட்டது. ஆகவே இங்கு மருந்தாளுநராவதற்கான பட்டமான ஃபார்ம்.டி.யை இங்கேயே படிக்க முடிவெடுத்திருக்கிறேன். நான் பார்த்து வைத்திருக்கும் கல்லூரிகளில் இரண்டு, கரிம வேதியியலையும் உடற்கூறியலையும் அமெரிக்காவில்தான் படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஜூன், ஜூலையில் என் அம்மா ஊரிலிருந்து வந்து மகனைப் பார்த்துக்கொள்வார். அப்போது நடக்கும் ஆறு வாரக் கோடைப் பருவத்துக்குள் அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுப் பொதுக் கல்லூரியில்) இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாமா? கோடை மதிப்பெண்ணைக் குறைவாக எடைபோடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

ஃபிரெஸ்னோவாசி:
சகோதரிக்கு வணக்கம். நான் இந்த வழியில் வந்து மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். என்னுடன் ஃபார்ம்.டி. படித்தவர்களில் பலர் சேர்வதற்கு முன் படித்திருக்க வேண்டிய பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில்தான் முடித்திருந்தார்கள். கோடையில் படித்ததற்காக யாரும் தள்ளப்பட்டதாக நான் அறியேன். மருத்துவக் கல்லூரிகளில் சில இதை விரும்புவதில்லை என்பது வேறு செய்தி. கட்டணமும் தாங்கக்கூடியதே: கலிஃபோர்னியவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவுக்கான அலகுக்கு) 46 டாலர் என்பதால், ஐந்து யூனிட் பாடத்துக்கு 230 டாலர்தான் ஆகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபார்ம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான ஃபார்ம்காஸ் என்ற இணைய விண்ணப்பத்தில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டுமே கணக்கில் சேரும். ஆகவே அவசரத்தில் வாங்கும் ஒரு 'சி' கடைசிவரை கூடவே வரும். நீங்கள் பார்த்திருக்கும் கல்லூரிகளுக்குப் பாட எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்போம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

ஆய்வகத்தோழி:
அக்கா, நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் வேதியியல் ஆய்வகத்தைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆறு வாரத்தில் இரண்டு ஆய்வகப் பாடங்களை எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 16 வாரப் பருவத்தில் வாரம் 9 மணி நேரம் நடக்கும் கரிம வேதியியல், 6 வாரத்துக்குள் அடைக்கப்படும்போது வாரம் 24 மணி நேரமாகிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் தனி. போன கோடையில் ஒரு மாணவி, பனிக்கட்டியில் வைத்த குடுவையில் படிகம் இறங்காததால், கண்ணாடிக் கம்பியால் அதன் உட்சுவரைச் சுரண்டியபடி முக்கால் மணி நேரம் நின்றார்; மறுநாள் காலையில் அவருக்கு உடற்கூறியலில் எலும்புகளைப் பற்றிய தேர்வு இருந்தது. அந்த வாரமே ஒரு பாடத்தை விட்டார், ஆனால் சுவடின்றி விலகுவதற்கான கெடு முதல் வாரத்தோடு முடிந்திருந்ததால் மதிப்பெண் பட்டியலில் இடையில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழுந்துவிட்டது. தவிர, கோடையில் கரிம வேதியியலின் முதல் பகுதி மட்டுமே முடியும், பல ஃபார்ம்.டி. கல்லூரிகள் இரண்டு பகுதிகளையும் கேட்கின்றன.

பழையமாணவன்:
இன்னொரு தடை இருக்கிறது. கரிம வேதியியலில் பதிவு செய்வதற்கே பொது வேதியியல் முடித்ததற்கான சான்று வேண்டும். நம் பி.ஃபார்ம் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயரில் பாடம் இராது, 'ஃபார்மசூட்டிகல் இன்ஆர்கானிக் கெமிஸ்ட்ரி' என்றுதான் இருக்கும். ஆகவே வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் போன்ற நிறுவனத்தில் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கிய அறிக்கையுடன் பழைய பாடத்திட்ட நகலையும் ஆலோசகரிடம் கொடுங்கள். ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல் வந்து சேர எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் கோடை வகுப்பு நிரம்பிவிட்டது. வெயிட் லிஸ்ட்டில் பெயர் போட்டு, முதல் நாள் வகுப்பிலேயே போய் உட்கார்ந்து, பேராசிரியரிடம் ஆட் கோட் (நிரம்பிய வகுப்பில் சேர அனுமதிக்கும் எண்) கேட்டு வாங்கித்தான் சேர்ந்தேன்.

நெல்லைமகள்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மதிப்பெண் பட்டியலுக்காக இன்றே என் தம்பியை ஊரில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டேன். கோடையில் கரிம வேதியியலின் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உடற்கூறியலை இலையுதிர்ப் பருவத்தின் மாலை வகுப்பில் படிக்கப்போகிறேன். இரண்டு கல்லூரிகளுக்கும் எழுதியதில் ஒன்று பதில் அனுப்பியிருக்கிறது: ஆய்வகத்தை ஆன்லைனில் முடித்தால் ஏற்க மாட்டார்களாம். நான் குறித்து வைத்திருந்த உடற்கூறியல் வகுப்பு ஆன்லைன் வகுப்புதான். அதை மாற்றுகிறேன்.